விளக்கு வைத்துக் கும்பிட்ட கேமரா

ஈப்போவின் புந்தோங் வட்டாரத்துப் படக்காரர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் என்று ஓடி ஓடி எடுக்கிறவர்கள். கேமரா கடை வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட என்னையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். போன மாதம் அந்தக் குழுவில் ஒரே ஒப்பாரி. படம் எடுக்கப் புதிதாக வந்த ஒருவர், கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, ஜெலாப்பாங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஆளைச் சந்தித்து, காடிக்குள் உட்கார்ந்தபடியே பழைய கேமரா ஒன்றை வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை, சிலந்தி வலை கட்டியது மாதிரி. விற்றவரின் எண் அதற்குள் செத்துவிட்டது.

“அண்ணே, இத்தன வருசம் செகண்ட்ஹேண்டு கவுண்டர்ல நின்னீங்க. புதுசா வாங்குறவங்க என்னென்ன பாக்கணும்னு எழுதிக் குடுங்கண்ணே. எப்பவும் பேசிக்கிட்டுத்தான இருக்கீங்க, அதையே எழுதுனா ஆச்சு லா” என்றார் குழுவை நடத்தும் முரளி.

பேச்சு வேறு, எழுத்து வேறு. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் பேசப் பேசக் கேட்டுச் சேர்த்தது. பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைச் சொல்லப் போனால் லெட்சுமியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அவளுக்குப் பார்த்துக் கொடுத்த கேமராவைப் போல் வேறெதையும் நான் அவ்வளவு அலசித் தேர்ந்ததில்லை.

என் கதை சின்னது. கோலா கங்சார் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தை விற்றுச் செம்பனை போட்டார்கள். லயத்து வீட்டைக் காலி செய்து ஈப்போவுக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. டவுனில் லியோங் தவுக்கேயின் கேமரா கடையில் கண்ணாடி துடைக்கச் சேர்ந்தேன். கண்ணாடி என்றால் அலமாரிக் கண்ணாடி. லென்ஸ் கண்ணாடியைத் தொட விடுவதற்கு அந்த முதலாளிக்குப் பல வருடம் ஆயிற்று. பிலிம் காலம் அது. இனி பிழைக்காது என்று ஒதுக்கிய கேமராக்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்துப் பார்ப்பேன். பிரிக்கத் தெரியும், பூட்டத் தெரியாது. மீந்துபோகும் திருகாணிகளை ஒரு காலி டின்னில் போட்டு வைப்பேன். டின் நிறைந்தால் நீ வேலை கற்றுக்கொண்டாய் என்று அர்த்தம் என்பார் தவுக்கே. அது நிறைவதற்குள் டிஜிட்டல் வந்துவிட்டது.

பழைய கேமரா வாங்கி விற்கும் கவுண்டரைத் தவுக்கே கடையின் பின்பக்கம் வைத்திருந்தார். விற்க வருகிறவருடைய முகத்தைத் தெரு பார்க்கக் கூடாது என்பது அவர் கணக்கு. வந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்து, சீனத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, கேமராவை இரண்டு கையாலும் வாங்குவார், கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி. விலையை வாயால் சொல்ல மாட்டார். சின்னக் காகிதத்தில் எழுதிக் கவிழ்த்து நகர்த்துவார். பிடிக்காவிட்டால் வந்தவர் மறுபடி கவிழ்த்துத் தள்ளிவிடலாம். யாரும் யாரிடமும் வாய்விட்டு ‘இல்லை’ சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து அந்தக் கவுண்டரில் சத்தம் உயர்ந்ததே கிடையாது. அழுகை உண்டு. அப்போது தவுக்கே எழுந்து போய்க் கணக்கில்லாமல் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருப்பார்.

கேமரா கைக்கு வந்ததும் அதைப் போட்டுப் பார்க்க மாட்டார். மூக்கருகே கொண்டு போவார். “சியூம் டூலு” என்பார் என்னிடம். முதலில் மோந்து பார். ஈரத்துணி வாடை அடித்தால் பூஞ்சை. பாச்சை உருண்டை வாடை என்றால் துணி அலமாரியில் கிடந்திருக்கிறது. சென்ட் வாடை வந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

மூக்குக்குப் பிறகு காது. கேமராவைக் காதருகே மெல்ல அசைத்தால் உள்ளே எதுவும் உருளக் கூடாது. பிறகு திருகாணித் தலைகள். குழி ஓரம் தேய்ந்து பளபளத்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் சின்ன டார்ச் பிடித்து, மறுபக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் எல்லா லென்ஸும் சுத்தம்தான். சாய்த்தால்தான் அதன் சங்கதி வெளியே வரும். கொஞ்சம் தூசி இருந்தால் பரவாயில்லை. முடி மாதிரி, வேர் மாதிரி எதுவாவது ஓடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பாட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, கார்டு சொருகும் இடத்தில் ஊசிகள் வளையாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்பர்ச்சரைச் சிறிதாக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் இருக்கும் அழுக்கு கரும்புள்ளியாக நிற்கும். செய்தித்தாளைச் சாய்த்து வைத்து நடு வரியைக் குறிவைத்து எடுத்தால் கூர்மை அங்கேயே விழுகிறதா, நழுவுகிறதா என்று தெரியும். கடைசியாக விடாமல் சில படங்கள் அடித்து ஷட்டர் சத்தத்தைக் கேட்க வேண்டும். சீராக வந்தால் சரி. நடுவில் ஓர் அடி தடுமாறினால் அது இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதையெல்லாம் நான் செய்துகொண்டிருந்தபோது ஒரு லோரி டிரைவர் பொறுமை போய், “என் பொண்டாட்டியக்கூட நான் இவ்ளோ உத்துப் பாத்ததில்லண்ணே” என்றார். பக்கத்தில் நின்ற அந்த அம்மா, “அதான் தெரியுதே” என்றார். தவுக்கேவுக்கு அதை மலாயில் சொன்னேன். அன்று முழுக்கச் சிரித்தார்.

எங்கள் ஆட்களின் கேமராவுக்கென்று தனியாக ஒரு பார்வை வேண்டும். ஆயுத பூசைக்கு வெட்டுக்கத்தி, மோட்டார் சைக்கிள், தையல் மிஷின் எல்லாவற்றோடும் கேமராவும் சாமி முன் உட்காரும். ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் சந்தனம் காய்ந்து இறுகியிருக்கும். பொத்தான் இடுக்கில் குங்குமம் சிவந்து தெரியும். தைப்பூசத்துக்குப் போய் வந்த லென்ஸைத் திருப்பினால் விபூதி நறநறக்கும். தவுக்கே, “ஓராங் தமிழ்”, தமிழாள் என்று சொல்லி என் பக்கம் நகர்த்துவார். பல்குச்சியும் தூரிகையும் வைத்துக்கொண்டு சுரண்டுவது என் வேலை. ஒருவர் லென்ஸ் கண்ணாடியின் நட்டநடுவிலேயே சந்தனம் வைத்து, பிறகு வேட்டி முனையால் அழுத்தித் துடைத்துக் கீறலோடு கொண்டுவந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். “நெத்தி எதுன்னு தெரியலண்ணே, அதான் நடுவுல வச்சுட்டேன்” என்றார்.

சிரிப்பு இதோடு போதும்.

சேகர் எங்கள் கவுண்டரில் பழகிய கல்யாணப் படக்காரர். புந்தோங்கில் அவர் எடுக்காத மணவறை குறைவு. சிறுநீரகம் போய், டயாலிசிஸுக்கு அலைந்து, கோவிட் காலத்தில் இறந்துவிட்டார். நாங்கள் யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை. ஊர் திறந்து ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு ஒரு நாள், அவர் மனைவி லெட்சுமி அந்தக் கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கக் கவுண்டருக்கு வந்தாள்.

விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தவுக்கேயும் தேநீர் ஊற்றப் போனார்.

“விக்க இல்லண்ணே. கிளீன் பண்ணிக் குடுங்க. நான் எடுக்கப் போறேன்” என்றாள்.

ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். கோவிட் முடிந்து கையுறை விற்பனை படுத்ததும் ஆளைக் குறைத்தார்கள். கூட வேலை செய்த விஜயாவின் மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் ஆம்பளைகள் கேமராவோடு நிற்க மகள் கூச்சப்படுகிறாள், நீ எடுத்துக் கொடு என்று விஜயா கேட்டிருக்கிறாள்.

“அவரு எடுப்பாரு, நான் லைட்டு புடிச்சுக்கிட்டு நிப்பேன். லைட்டு புடிச்சே பாதி கத்துக்கிட்டேன். இந்த ஒரு சடங்க நல்லா எடுத்துட்டேன்னா, பொம்பளப் படக்காரின்னு நாலு எடத்துல கூப்புடுவாங்க. வீட்டோட பொழப்பு ஓடும். இல்லன்னா சாப்பாட்டுக் கடையில மங்கு தட்டு கழுவத்தான் போவணும்.”

தவுக்கே பையைத் திறந்து கேமராவை இரண்டு கையாலும் எடுத்தார். மோந்தார். மறுபடி மோந்தார். என்னிடம் கொடுத்தார். நானும் மோந்தேன். நல்லெண்ணெய், சாம்பிராணி, கற்பூரம். சாமி மேடை வாடை.

“எங்கம்மா வச்சிருந்த?”

“அவரு போட்டோ பக்கத்துலதாண்ணே. அவரு போனதுலேர்ந்து அங்கதான். தெனம் வெளக்கு வைப்பேன். அமாவாசைக்குப் படையல் போட்டு சாம்பிராணி காட்டுவேன்.” பிறகு, நல்ல காரியம் ஒன்றைச் சொல்கிற குரலில், “லென்ஸு மூடியக்கூட நான் போடல. அவரு கண்ண மூடுன மாதிரி இருக்கும்ல?” என்றாள்.

டார்ச்சை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. முன் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை மஞ்சளாகப் படிந்திருந்தது. அதற்குப் பின்னால் கண்ணாடிக்குக் கண்ணாடி வெள்ளை வேர்கள். லென்ஸ் வளையம் திருநீற்றில் இறுகிக் கிடந்தது. லென்ஸைக் கழற்றினால் கேமராவின் உள்கண்ணாடி பிசுபிசுத்தது. புது பாட்டரி போட்டு அமுக்கினேன். ஷட்டர் பாதி எழும்பி ஒட்டிக்கொண்டது. சேகர் கடைசியாக இதைக் கொண்டுவந்தபோது நான்தான் துடைத்துக் கொடுத்தேன். அப்போது நல்ல நிலையில் இருந்தது. வியாதி வந்தது அவருக்குத்தான், கேமராவுக்கு அல்ல. அது கெட்டது அந்த மேடையில்தான்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு நாள்கூட அணையாத விளக்கைப் பற்றி எந்த வாயால் சொல்வது?

தவுக்கே முந்திக்கொண்டார். “ஈப்போ, ஹுஜான் பான்யாக்” என்றார். ஈப்போவில் மழை அதிகம். நிறைய பேருடைய கேமரா இப்படி ஆகியிருக்கிறது, ஊரடங்கில் பூட்டிக் கிடந்ததெல்லாம் போயிற்று, என் கடையிலேயே எத்தனையோ போயிற்று என்று அடுக்கினார். அத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அதைத் தமிழில் சொல்லும்போது நானும் சேர்த்து இன்னும் கொஞ்சம் மழை பெய்ய வைத்தேன்.

லெட்சுமி தலையைத் திருப்பினாள். கவுண்டருக்குப் பின்னால் தவுக்கேயின் சிவப்புச் சாமி மாடம் இருந்தது. காலையில் ஏற்றிய ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன. அதற்கு மேலே சுவரும் கூரைப் பலகையும் கரிப்பிடித்துக் கறுத்திருந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சரிண்ணே. மழதான்” என்றாள்.

தவுக்கே அந்தக் கேமராவை உதிரிக்கு எடுத்துக்கொள்ளும் பேச்சையே எடுக்கவில்லை. துணியால் மேலே துடைத்து, மூடி போட்டு, “சிம்பான்” என்று அவள் பையிலேயே வைத்தார். வைத்துக்கொள் என்று அர்த்தம். நல்ல வேளையாக ஃபிளாஷ் பிளாஸ்டிக்கில் சுற்றி மேசை டிராயரில் கிடந்திருக்கிறது. அது ஒரு கீறல் இல்லாமல் எரிந்தது. பாட்டரிகளும் உயிரோடு இருந்தன. ஆக அவளுக்கு வேண்டியது அதே கம்பெனியின் பழைய கேமரா ஒன்று. அப்போதுதான் சேகரின் ஃபிளாஷும் பாட்டரியும் பொருந்தும். புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்கு வாருங்கள்.

சடங்குக்கு இன்னும் நாள் இருந்தது. கவுண்டருக்கு வந்ததையெல்லாம் அவளை மனதில் வைத்தே பார்த்தேன். ஒன்று கைப்பிடி ரப்பர் கரைந்து ஒட்டியது. சேலை கட்டிக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு அது ஆகாது. இன்னொன்று பார்க்க அழகு, கூர்மை முன்னால் நழுவியது. பெண்ணின் மூக்கு தெளியும், கண் மங்கும். மற்றொன்று பெரிய ஆட்கள் தூக்குகிற கனம். தவுக்கே ஒவ்வொரு நாளும், “ஜும்பா?” என்பார், கிடைத்ததா என்று. இல்லை என்று தலையாட்டுவேன்.

கடைசியில் ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் வந்தார். பறவை எடுக்க வாங்கி, பறவைகள் நிற்காததால் சலித்துப் போனவர். அவ்வளவாகப் புழங்காத கேமரா, தூக்கத்திலிருந்து எழுப்பின மாதிரி இருந்தது. மோந்தேன், அசைத்தேன், சாய்த்தேன், சுவரை எடுத்தேன், பேப்பரை எடுத்தேன். குறையே தெரியவில்லை. அதோடு ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று வைத்தேன். அது சூம் ஆகாது. எடுக்கிறவர்தான் நடந்து போக வேண்டும். படம் எடுக்கப் புதிதாக வருகிறவருக்கு அதைப் போல் ஒரு வாத்தியார் கிடையாது. மங்கலான ஹாலிலும் வேலை செய்யும், விலையும் அடங்கும்.

“காலால நடந்து கிட்டக்க போவணும். கிட்டக்க போனாத்தான் மொகம் கெடைக்கும். தூரத்துல நின்னா இது ஒன்னுத்துக்கும் ஒதவாது” என்று லெட்சுமியிடம் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் கடை வாசலில் நின்று பழ வண்டிக்காரரை எடுத்தாள், தவுக்கேயின் கைகளை எடுத்தாள், என்னைச் சிரிக்கச் சொல்லி எடுத்தாள். நான் இன்னொரு தடவை ஷட்டரைக் கேட்கக் கை நீட்டினேன்.

“அண்ணே, மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குறீங்க. போதும், முடிச்சு வச்சுருங்க” என்றாள். அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

தவுக்கே காகிதத்தை எழுதிக் கவிழ்த்து நகர்த்தினார். அவள் பார்த்தாள், தலையாட்டினாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போகும்போது, “சந்தனம் வைக்கலாமாண்ணே?” என்று கேட்டாள். தவுக்கேவுக்கு அந்த வார்த்தை தெரியும். பையைத் தட்டிக் காட்டினார். பையில் வை, கேமராவில் வேண்டாம்.

சடங்கு முடிந்த வாரம் அவள் வந்தாள். பையில் சந்தனம் இருந்தது. கேமராவைக் கவுண்டரில் வைத்தாள். இந்தத் தடவை விற்க.

“என்னம்மா, ரோசாக் ஆயிருச்சா?”

“கேமரா நல்லாத்தாண்ணே இருக்கு.”

சடங்கு நடந்த டேவான் மண்டப வாசலில் பெண்ணின் அத்தை பாக்கியம் அக்கா நின்றிருக்கிறார். விஜயாவின் நாத்தனார், அந்த வீட்டில் மூத்தவர்.

“நல்லாத்தாண்ணே கூப்புட்டாங்க. வா லெட்சுமி, சாப்புட்டியா, புள்ளைங்க சௌக்கியமான்னாங்க. பைலேர்ந்து கேமராவ எடுத்ததும், ‘நீயா எடுக்கப் போற?’ன்னாங்க. அப்பறம் ஓரமா கூட்டிட்டுப் போயி, ‘தப்பா எடுத்துக்காத தாயி. நல்ல காரியம். பொண்ணுக்கு நேரா நீ வந்து நிக்கக் கூடாது. ஒங்கைய நான் கொற சொல்லல. நீ அந்தக் கதவாண்ட நின்னு எடு’ன்னாங்க. கோவமே இல்லண்ணே. என் தோளத் தடவிக் குடுத்துக்கிட்டேதான் சொன்னாங்க.”

“விஜயா ஒன்னும் சொல்லலியா?”

“அவ என்ன செய்வா? தலையக் குனிஞ்சுக்கிட்டா. ஆரத்தித் தட்டு அவ கையில இருந்துச்சு.”

தண்ணீர் ஊற்றும் இடத்துக்கு அவளை விடவே இல்லை. ஹாலில் யாரோ ஒரு மாமா கைப்பேசியால் எடுத்திருக்கிறார். இவள் சொன்ன இடத்தில் நின்றிருக்கிறாள், விருந்து முடிகிற வரைக்கும்.

“ஐம்பது லென்ஸுண்ணே” என்றாள். தூரத்தில் நின்றால் ஒன்றுக்கும் உதவாத லென்ஸ்.

படங்களை அவளே ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். பட்டுச் சேலைகள், பூச்சரம், ஈரக் கூந்தல், ஜாக்கெட் முடிச்சு. நலங்கு வைக்கக் குனிந்த பெண்களின் வரிசை. வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. ஒரு படமும் அசையவில்லை.

“நல்லா எடுத்திருக்கியேம்மா.”

“எல்லாம் முதுகுதாண்ணே” என்றாள்.

தவுக்கே கேமராவை இரண்டு கையாலும் வாங்கி, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை நிதானமாகப் பார்த்தார். எங்கள் சாங்கியம் அவருக்குத் தெரியாது. என்ன நடந்தது என்று நானும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. “தாஜாம்” என்றார். கூர்மை. காகிதத்தை எடுத்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்று எழுதி, கவிழ்த்து நகர்த்தினார். லெட்சுமி புரட்டிப் பார்த்தாள். வெறும் காகிதம். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினாள். கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

பிறகு பல மாதம் ஆள் இல்லை. டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் அவளைப் பார்த்ததாக முரளி சொன்னார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மங்கு கழுவுகிறாள் என்றார். நான் அந்தப் பக்கம் சாப்பிடப் போகவில்லை. அவள் என்னைப் பார்த்துத் தலைகுனிய வேண்டாம் என்று இருந்தது. நான் குனிய வேண்டாம் என்றும் இருந்திருக்கலாம்.

கடையில் என் கடைசி வருடத்தில் அவள் மறுபடி பின்பக்கக் கவுண்டருக்கு வந்தாள். கேமரா தோளில் இருந்தது. ஆள் மெலிந்திருந்தாள்.

“அண்ணே, கொஞ்சம் அகலமா எடுக்குற லென்ஸ் வேணும். இருட்டுலயும் எடுக்கணும். ஃபிளாஷ் போடக் கூடாது.”

“எதுக்கும்மா?”

“சாவு வீட்டுக்கு.”

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இறந்திருக்கிறார். மகன்கள் வெளிநாட்டில்; வந்து சேர முடியாது. கடைசி முகத்தையாவது பார்க்க வேண்டும், யாராவது எடுத்து அனுப்புங்கள் என்று கதறியிருக்கிறார்கள். லெட்சுமிதான் போய் எடுத்திருக்கிறாள். அந்தப் படங்களைப் பார்த்து இன்னொரு வீட்டில் கூப்பிட்டார்கள். பிறகு ஜெலாப்பாங்கிலிருந்து, பிறகு எங்கெங்கோ இருந்து.

“அங்க என்னய யாரும் தள்ளி நில்லுன்னு சொல்றதில்லண்ணே. கூட்டத்த வெலக்கி விடுறாங்க. ‘கிட்ட வந்து எடும்மா, மொகம் நல்லா தெரியணும்’ங்கறாங்க. நான் போனா வழி விடுறாங்கண்ணே” என்றாள். பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். மங்கு கழுவும் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாளாம்.

பழைய லென்ஸ் ஒன்று இருந்தது. எடுத்து மோந்தேன். டார்ச் பிடித்துச் சாய்த்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டே, “போன வாரம் பாக்கியம் அக்கா வீட்டுல” என்றாள்.

டார்ச்சை அணைத்தேன்.

“அவங்க வீட்டுக்காரரு. நெஞ்சு வலி. அவங்களே போன் போட்டாங்க. ‘லெட்சுமி, வந்துரு’ன்னாங்க. போயிட்டேன். எல்லாம் எடுத்தேன். தூக்குற நேரம் வந்துருச்சு. என் கையப் புடிச்சு உள்ள ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிக் கதவச் சாத்துனாங்க. நெறைய பூ வச்சு, பெரிய பொட்டு வச்சு, கண்ணாடி வளையல் அடுக்கி உக்கார வச்சிருந்தாங்க அவங்கள. வெளியில பொம்பளைங்க தண்ணிக் கொடம் எடுத்துட்டு வந்துட்டாங்க. ‘அழிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு எடுத்துரு தாயி. என் மொகத்த மட்டும்’னாங்க.”

தவுக்கே என்ன என்று கண்ணால் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

“எடுத்தியா?”

“எடுத்தேன். அவங்க அழவே இல்ல. லென்ஸயே பாத்தாங்க. அப்பறம் கதவத் தட்டிட்டாங்க.”

கேமரா அவள் மடியில் இருந்தது. அதன் மேல் அவள் கை இருந்தது.

“அத யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்கண்ணே. ஒங்களுக்கும் காட்ட மாட்டேன்.”

“வேணாம்மா. எப்புடி வந்துருக்குன்னு மட்டும் சொல்லு.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“கிட்டக்கண்ணே” என்றாள். “ரொம்பக் கிட்டக்க.”